பல்வலித் தூதரின் படுக்கை

"கடைக்காரன் சொன்ன விலைக்கே வாங்கினா, நீ தலை மறைஞ்சதும் அவன் சிரிப்பான்டா. அடிச்சுக் குறைச்சு வாங்கினியோ..."

பெரியப்பா இப்படித்தான் தொடங்கினார். அவர் முடிப்பதற்குள் எதிர் நடைபாதையில் ஒருவன் பாதி விலைக்குக் குடை என்று கூவினான். கேட்டுக்கொண்டிருந்தவர் அந்தப் பக்கம் ஓடிவிட்டார். அப்போது அவருக்கு வயது பன்னிரண்டு. குடை கிடைத்தது, அது கீழ்நோக்கி விரிந்தது. பெரியப்பாவின் மறுபாதி வாக்கியம் மட்டும் கிடைக்காமலே போயிற்று.

இப்போது வயது நாற்பத்தொன்பது. ஊரெல்லாம் அவரைத் தள்ளுபடியார் என்றுதான் அழைக்கிறது. அவருடைய உண்மைப் பெயரைச் சொன்னால் தபால்காரரே "யார் அது?" என்று கேட்பார். வேலை, லிஃப்ட் ஆய்வாளர். கட்டடம் கட்டடமாகப் போய் லிஃப்டில் ஏறி, கண்ணை மூடி, காதைத் தீட்டி, என்னென்ன குறை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். குறையே இல்லாத லிஃப்ட் ஒன்றை அவர் இதுவரை பார்த்ததில்லை. பார்த்தால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

வெளியே குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிற அந்த மனிதர், வீட்டுக்குத் தாம் வாங்கி வருகிற பொருளில் மட்டும் ஒரு குறையும் காணமாட்டார். வீட்டில் ஐந்து கால் கட்டில் இருக்கிறது. நான்கு காலுக்கு உரிய விலைதான் கொடுத்தார். பின்பக்கமாக ஓடுகிற சுவர்க்கடிகாரம் இருக்கிறது. அதற்கு எதிரே கண்ணாடி ஒன்றை மாட்டி, அதில் மணி பார்க்கிறார்கள். அந்தக் கண்ணாடிக்குத் தனியாக முப்பது சதவீதம் தள்ளுபடி.

மனைவி அச்சகத்தில் பிழை திருத்துபவள். எழுத்து என்று ஒன்று கண்ணில் பட்டால் கடைசிப் புள்ளி வரை வாசிக்காமல் விடமாட்டாள். மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் மெல்லிய தாளை முழுக்க வாசித்த ஒரே மனிதப் பிறவி அவள்தான் என்பது மருந்துக்கடைக்காரரின் கருத்து. வாசித்ததை அவள் வெளியே சொல்லமாட்டாள். கேட்டால் சொல்வாள். தள்ளுபடியார் கேட்பதில்லை.

இப்படி இருபத்திரண்டு வருடம் ஓடியது. பிறகு சமையலறை வந்தது.

சமையலறையை இடித்துப் புதிதாகக் கட்டுவது என்று முடிவாகியிருந்தது. மரக்கடைக்காரரிடம் அளவு கொடுத்து, வெளிர்மஞ்சள் நிறம் தேர்ந்து, இழுப்பறை எத்தனை என்பதுவரை மனைவி படம் வரைந்து வைத்திருந்தாள். அந்தப் படத்தின் மேல் தள்ளுபடியார் ஒரு நாள் தம் கைப்பேசியை வைத்தார்.

"இதைப் பாரு."

"என்னங்க இது? ஜன்னலெல்லாம் வட்டமா இருக்கு?"

"கப்பல்! உடைச்ச கப்பல்லேர்ந்து முழுசாக் கழட்டின சமையலறை. எழுபது சதவீதம் தள்ளுபடி."

"தரை ஏன் சாய்ஞ்சிருக்கு?"

"அலைக்குத் தோதா சாய்ச்சிருக்கான்."

"நம்ம வீட்டுல எங்கேங்க அலை?"

"குறை சொல்றதுன்னு வந்துட்டா எதுலதான் சொல்ல முடியாது?" என்று தள்ளுபடியார் நொந்துகொண்டார். "ஒரு மாசம் டயம் கொடுத்திருக்கான். யோசி."

மனைவி யோசித்தாள். யோசித்துக்கொண்டே இருந்தபோதுதான் கல்யாண நாள் வந்தது.

நகரத்தின் நடுவில், கடியாரக் கோபுரத்துக்குப் பக்கத்தில், நூற்றிருபது வருடத்து ஓட்டல் ஒன்று உண்டு. அச்சகத்துக்குப் போகும் பேருந்து அதன் வாசலில் ஒரு நிமிடம் நிற்கும். தினமும் அந்த ஒரு நிமிடம் மனைவி நான்காம் மாடி ஜன்னல்களை அண்ணாந்து பார்ப்பாள். அங்கே குளியல் தொட்டிகள் சிங்கக்கால் வைத்தவை என்று எங்கோ வாசித்திருந்தாள். ஒரு தரமாவது அதில் கழுத்துவரை கிடக்க வேண்டும் என்று, கல்யாணமான புதிதில் சொன்னதோடு சரி.

அதை இந்த வருடம் தள்ளுபடியார் நினைவு வைத்திருந்தார். நினைவு வைத்திருந்ததற்குக் காரணம், ஏலம்.

"விலையை நீயே சொல்லலாம்டி! எந்த ஓட்டல்னு முதல்ல காட்ட மாட்டான். 'நகர மையம், பழம்பெருமை, ஐந்து நட்சத்திரம்'. அவ்வளவுதான் போடுவான். நாம ஒரு விலை சொல்லணும். அவன் ஒத்துக்கிட்டா அப்புறம்தான் பேரு தெரியும். நகர மையத்துல பழம்பெருமை எத்தனை இருக்கு? ஒண்ணுதான்! நான் ஆளை மோப்பம் பிடிச்சுட்டேன்."

முழு விலையில் கால்பங்கைத் தட்டினார். அரை நொடியில் திரை பச்சையாயிற்று.

"இவ்வளவு சீக்கிரமாவா ஒத்துக்குவாங்க?" என்றாள் மனைவி.

"பயந்துட்டான்."

"கீழே நிபந்தனைன்னு போட்டிருக்கே. பதினாலு இருக்கு. படிக்கட்டா?"

"வேணாம், வேணாம். ஒத்துக்கிறேன்னு ஒரு கட்டம் இருக்கும் பாரு, என் கண்ணாடி அந்த அறையில கிடக்கு, நீயே அழுத்து. நேரம் போச்சுன்னா மனசு மாறிடுவான்."

மனைவி அழுத்தினாள். பிறகு கைப்பேசியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அரைமணி நேரம் அங்கிருந்து ஒரு சத்தமும் இல்லை. அதற்குப் பிறகு யாருடனோ தொலைபேசியில் பேசும் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது முகம் பளிச்சென்று இருந்தது.

"என்னங்க, ஒரு பந்தயம் வெச்சுக்கலாமா?"

"எதுக்கு?"

"வாங்குற அதிகாரத்துக்கு. பகல் பன்னெண்டு மணிக்கு ஓட்டலுக்குள்ள போறோம். மறுநாள் பன்னெண்டுக்கு வெளியே வரோம். நடுவுல உங்க வாயிலேர்ந்து ஒரு குறை, ஒண்ணே ஒண்ணு வந்தாலும், இனிமே இந்த வீட்டுக்கு எல்லாம் நான்தான் வாங்குவேன்."

"வரலைன்னா?"

"ஆயுசுக்கும் நீங்கதான். கப்பலை நாளைக்கே கொண்டு வந்து இறக்குங்க. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

தள்ளுபடியார் சிரித்தார். தாம் வாங்கியதில் தாமே குறை சொல்வதா? சூரியன் வந்து மெழுகுவத்தி கடன் கேட்பதா?

"கை கொடு," என்றார்.

புறப்படும்போது மனைவி இரண்டு பை கட்டினாள். ஒன்று அவருக்கு, ஒன்று தனக்கு.

"ஒரு ராத்திரிக்கு எதுக்கு ரெண்டு பை?"

"இருக்கட்டுங்க."

ஓட்டலின் வரவேற்பறை பளிங்கால் ஆனது. மேலாளர் கழுத்தில் வண்ணத்துப்பூச்சி உட்கார்ந்த மாதிரி ஒரு பட்டி. காலடிச் சத்தம் கேட்காமல் நடந்தார். தள்ளுபடியாரின் பதிவைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு பரவசம் ஓடியது.

"பதினேழாம் எண் அறை! நாலு மாசமா யாரும் எடுக்கலை சார்!"

"பார்த்தியா," என்று தள்ளுபடியார் மனைவியின் காதில் சொன்னார். "நமக்காகவே காத்திருக்கு."

கூண்டு லிஃப்ட் முதல் சோதனையாக வந்தது. ஏறியதும் அது ஒரு முனகல் முனகியது. மேலே கப்பி தேய்ந்திருக்கிறது, எண்ணெய் பார்த்து இரண்டு வருடம் இருக்கும், கதவுக் கொக்கி பாதிதான் விழுகிறது. இருபத்தைந்து வருடப் பழக்கம் தள்ளுபடியாரின் வாயைத் திறந்துவிட்டது. மனைவி ஆவலோடு பார்த்தாள்.

"என்ன... ஒரு சங்கீதம்!" என்றார்.

பதினேழாம் அறையின் வாசலில் கதவுக்குப் பதிலாகச் சிவப்புப் பட்டுக் கயிறு கட்டியிருந்தது. பக்கத்தில் பித்தளைத் தகடு. மேலாளர் கயிற்றைக் கழற்றி உள்ளே விட்டுவிட்டு மறுபடி மாட்டினார்.

"பல்வலித் தூதர் தங்கின அறை சார் இது. ஆத்து நடுவுல ஒரு மணல்திட்டு, அதுக்காக ரெண்டு தேசம் பதினொரு வருஷம் சண்டை. சமாதானப் பத்திரத்துல கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்லத்தான் தூதர் இங்க வந்தார். காலையில எங்க ஓட்டல் பிஸ்கட்டைக் கடிச்சார். கடைவாய்ப் பல் ரெண்டாப் பிளந்துடுச்சு. வலி தாங்காம, பல் டாக்டர்கிட்ட விட்டாப் போதும்னு, காட்டின இடத்துலெல்லாம் கையெழுத்துப் போட்டுட்டார். சண்டை நின்னுச்சு. அதே கட்டில், அதே மெத்தை சார்."

"மெத்தையும் அதேவா?" தள்ளுபடியார் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "கேள்வி கேட்டா குறையாகுமா?"

"கேள்வி குறையாகாது," என்று தீர்ப்பளித்தாள் மனைவி.

"அப்போ சரி. இதுல படுக்கலாமா?"

"படுக்கலாம் சார். புரளத்தான் கூடாது. கட்டிலுக்கு வயசாயிடுச்சு."

"நாற்காலி?"

"பார்க்க மட்டும்தான் சார்."

"மின்விசிறி?"

"தூதர் காலத்துல இல்ல சார்."

"குளியலறை?"

"தாழ்வாரத்துக் கடைசில ஒண்ணு இருக்கு. பார்வையாளர் இல்லாத நேரமாப் பார்த்துப் போகலாம்."

"பார்வையாளரா?"

"மணிக்கு ஒரு குழு சார். நீங்கதானே இன்னைக்குத் தூதர்?" மேலாளர் ஓர் அங்கியையும், தாடையைச் சுற்றித் தலைமேல் முடிச்சுப் போடுகிற நீண்ட வெள்ளைத் துணியையும் நீட்டினார். "அதனாலதானே இந்த விலை! குழு வரும்போது கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு லேசா முனகினாப் போதும். பேசக் கூடாது. தூதரால பேச முடியலைன்னுதான் வரலாறு."

தள்ளுபடியார் துணியைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். மனைவி கூரையைப் பார்த்தாள்.

"ஏதாவது சொல்லணுமாங்க?"

"முனகினா குறையாகுமா?"

"வார்த்தை வந்தாத்தான் குறை. முனகல் கணக்குல வராது."

"அப்படின்னா எல்லாம் திருப்தி," என்று தள்ளுபடியார் துணியைக் கட்டிக்கொண்டார். "நீயும் வந்து உட்காரு."

மேலாளர் கனைத்தார். "மேடத்துக்கு அறை மேலே சார், நானூத்தி ரெண்டு. தூதர் தனியாத்தான் வந்தார். வரலாற்றை நாம மாத்தக் கூடாதில்ல?"

"வரலாறுன்னா வரலாறுதாங்க," என்று மனைவி தன் பையை எடுத்துக்கொண்டாள். "மேலே குளியல் தொட்டி?"

"சிங்கக்கால் வெச்சது மேடம்."

சங்கீத லிஃப்ட் மேலே போகும் ஓசையைத் தள்ளுபடியார் கட்டிலில் அசையாமல் படுத்தபடி கேட்டார்.

முதல் குழு இரண்டு மணிக்கு வந்தது. கையில் குட்டிக் கொடி பிடித்த வழிகாட்டிப் பெண். பின்னால் இருபது பேர். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், "மெழுகுல எவ்வளவு தத்ரூபமாப் பண்ணியிருக்கான் பாருங்க, மூக்கு மட்டும் கொஞ்சம் பெரிசாயிடுச்சு," என்றார். தள்ளுபடியார் முனகினார். அந்த மனிதர் அலறிக்கொண்டு கொடியின் மேல் விழுந்தார்.

மூன்று மணிக் குழு, நான்கு மணிக் குழு. ஐந்து மணிக் குழுவின் முன்வரிசையில் தலையில் வெள்ளைத் துண்டைச் சுற்றிக்கொண்டு, முகமெல்லாம் ஆவி பறக்க, ஒரு பெண்மணி நின்றிருந்தாள். தள்ளுபடியாருக்கு அடையாளம் தெரியச் சற்று நேரம் பிடித்தது. அவ்வளவு நிம்மதியான முகத்தோடு மனைவியை அவர் பார்த்து வருடங்கள் ஆகியிருந்தன.

"ஏம்மா, தூதருக்குக் கொஞ்சம் பிடிவாதம் ஜாஸ்தியோ?" என்று அவள் வழிகாட்டியைக் கேட்டாள்.

"ரொம்ப மேடம். பதினொரு வருஷம் யாரு சொல்லியும் கேட்கலை."

"வீட்டுல ஒருத்தி இருந்திருப்பாளே, பாவம்."

"அவங்களைப் பத்தி எந்தப் புத்தகத்துலயும் ஒரு வரிகூட இல்ல மேடம்."

"இருக்காதும்மா. புத்தகத்துக்குப் பிழை திருத்தினது அவளா இருக்கும்."

இருபது பேரும் சிரித்தார்கள். தூதர் பேச முடியாது. தள்ளுபடியார் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, வேண்டிய அளவுக்கு மேலாகவே முனகினார்.

"முகத்துல என்ன ஒரு வேதனை!" என்றாள் மனைவி. "எங்க வீட்டுக்காரரைப் பார்க்கிற மாதிரியே இருக்கு."

இரவைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. படுத்தார். புரளவில்லை.

விடிந்ததும் அவருக்கே தம்மைப் பற்றி ஒரு பெருமிதம் உண்டாயிற்று. முதுகு பலகையாகிவிட்டது, தாடைத் துணி காதை அறுத்தது, ஆனால் வாயிலிருந்து ஒரு குறை வரவில்லை. இன்னும் ஆறே மணி நேரம். பிறகு ஆயுசுக்கும் அதிகாரம். கப்பல் சமையலறையின் வட்ட ஜன்னல்கள் கண்முன் வந்து போயின.

ஒன்பது மணிக் குழுவோடு காலை உணவும் வந்தது. வெள்ளித்தட்டில் ஒரே ஒரு பிஸ்கட்.

"அதே செய்முறை, அதே அடுப்பு," என்று வழிகாட்டி கூட்டத்துக்கு அறிவித்தாள். "இப்போ தூதர் கடிக்கப் போறார்!"

நேற்று மத்தியானத்திலிருந்து அவர் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. தூதர் இரவு உணவு உண்டதாக வரலாற்றில் இல்லை. அகோரப் பசியில் தள்ளுபடியார் ஓங்கிக் கடித்தார்.

'கடக்' என்ற ஓசை தாழ்வாரக் கடைசிவரை கேட்டது. பிஸ்கட் அப்படியே இருந்தது.

கடைவாயில் மின்னல் ஒன்று புறப்பட்டு, காது வழியாக ஏறி, உச்சந்தலையில் போய் உட்கார்ந்தது. அந்த வெளிச்சத்தில், முப்பத்தேழு வருடமாக மறந்துபோயிருந்த பெரியப்பாவின் குரல் தெளிவாகக் கேட்டது: "அடிச்சுக் குறைச்சு வாங்கினியோ, அவன் எதைக் குறைச்சான்னு வீட்டுக்கு வந்து நீ தேடணும்டா."

தள்ளுபடியார் கட்டிலிலிருந்து எழுந்தார். குதித்தார். புரளக்கூடாத கட்டிலில் நான்கு முறை புரண்டார். சுவரில் முட்டிக்கொண்டார். வாயிலிருந்து எந்த மொழிக்கும் சொந்தமில்லாத ஓர் ஓசை வந்தது. கூட்டத்தின் கைதட்டல் கூரையைப் பிளந்தது. ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மேலாளரே ஓடி வந்தார். "ஒன்பது வருஷத்துல இந்த மாதிரி ஒரு தூதரை நான் பார்த்ததில்ல சார்!"

கூட்டம் கலைந்ததும் மனைவி கயிற்றுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, நிஜமாவே வலிக்குதா?"

வலிக்கிறது என்றால் அது பிஸ்கட்டின் குறை. பிஸ்கட்டின் குறை ஓட்டலின் குறை. தள்ளுபடியார் கண்ணில் நீர் தளும்ப, தலையை இடவலமாக ஆட்டினார்.

"ந...ந...நடிப்பு."

"பிரமாதங்க," என்றாள் மனைவி.

பத்து மணிக் குழுவுக்கு இடம் போதவில்லை. பதினோரு மணிக் குழு படிக்கட்டுவரை நின்றது.

பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கையில், தாடைத் துணியோடு தள்ளுபடியார் வரவேற்பறைக்கு வந்தார். வலது கன்னம் பழுத்த பலாச்சுளை மாதிரி பளபளத்தது. மேலாளர் கருத்துப் புத்தகத்தை விரித்து வைத்தார். மனைவி பக்கத்தில் நின்று கடியாரத்தைப் பார்த்தாள். தள்ளுபடியார் பேனாவை எடுத்து எழுதினார்: 'எல்லாம் நிறைவு.'

கோபுரத்தில் பன்னிரண்டு அடித்தது.

"ஜெயிச்சுட்டீங்க," என்றாள் மனைவி. அவள் முகத்தில் வருத்தமே இல்லை. "ஒரு குறைகூட வரலை. ஒத்துக்கிறேன். இனிமே வாங்குறதெல்லாம் நீங்கதான்."

"சார்," என்று மேலாளர் குனிந்தார். "இன்னும் ரெண்டு நாள் தூதரா இருந்துட்டுப் போங்களேன். முழுக்க முழுக்க இலவசம்!"

இலவசம் என்ற சொல்லைக் கேட்டதும் தள்ளுபடியாரின் தலை வழக்கப்படி தானாக ஆடத் தொடங்கியது. பாதி ஆட்டத்தில் பல் இழுத்தது. தலை நின்றுவிட்டது.

"டாக்டர்..." என்றார் தள்ளுபடியார். பந்தயம் முடிந்த பிறகு அவர் சொன்ன முதல் வார்த்தை அது.

"பல் டாக்டரா? இந்தத் தெருக் கோடியிலதான் இருக்கார். பன்னெண்டரைக்கு நேரம் வாங்கி வெச்சிருக்கேன். முழு விலை."

தள்ளுபடியார் மெதுவாகத் திரும்பினார். "எப்போ... வாங்கினே?"

"நீங்க ஏலம் எடுத்த அன்னைக்கே. அதான் படிக்கட்டான்னு கேட்டேனே? நிபந்தனை பதினொண்ணுல போட்டிருந்ததுங்க, 'விருந்தினரின் பற்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல'ன்னு. இதை ஏன் தனியா எழுதியிருக்கான்னு யோசிச்சேன். ஆறுல என் அறை, தொட்டி எல்லாம் இருந்தது. படிச்சு முடிச்சுட்டுத்தான் பந்தயமே கட்டினேன்." அவள் தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "ஆனா இப்போ வாங்குற அதிகாரம் உங்களோடது. நான் எடுத்து வெச்ச நேரம் செல்லாதுங்க. உங்க ஏலத்துல பல் டாக்டரும் இருக்காங்களாம், பாருங்க."

தள்ளுபடியார் ஒரு கையால் கன்னத்தைத் தாங்கிக்கொண்டு மறு கையால் கைப்பேசியைத் தடவினார். இருந்தார்கள். 'நகர மையம், அனுபவசாலி, எண்பது சதவீதம் வரை தள்ளுபடி.' கீழே பொடி எழுத்தில் ஏதோ நீளமாக ஓடியது. கண்ணாடி மேலே பதினேழாம் அறையில் கிடந்தது. பொடி எழுத்தில் அவருக்குப் புலப்பட்டது ஒரே ஒரு சொல்தான்: 'பார்வையாளர்கள்'.

"படிக்கட்டாங்க?" என்றாள் மனைவி.

சுவரில் பல்வலித் தூதரின் பெரிய படம் தொங்கியது. கன்னத்தில் ஒரு கை, காகிதத்தின் மேல் ஒரு கை. தள்ளுபடியார் அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

கைப்பேசியை மனைவியிடம் கொடுத்தார். அதன் ரகசிய எண்ணையும் சொன்னார்.